மூக்கு ஸ்ப்ரேயும் இரண்டு மணி நேர நாற்காலியும்

புனேயின் ஹடப்சரில் வண்டி இல்லாமல் காலம் தள்ளுவது கஷ்டம். மகர்பட்டாவில் வேலை, ஃபுர்சுங்கியில் வீடு என்று ஓடுகிறவரிடம் "இன்றைக்கு டூ வீலரைத் தொடாதீர்கள்" என்று சொல்லிப் பாருங்கள், தெரியும். ஆனால் எஸ்கெட்டமைன் ஸ்ப்ரே எடுத்துக்கொண்ட நாளில் டாக்டர் அதைத்தான் சொல்வார். இரவு நன்றாகத் தூங்கி எழுந்த பிறகே வண்டி. மாத்திரைக்கு அடங்காத மனச்சோர்வுக்கு இந்த ஸ்ப்ரேயைத் தேடி அலைகிறவர்கள், விலை கேட்பதற்கு முன் ஒன்று கேட்க வேண்டும்: போட்ட பிறகு என்னை எங்கே உட்கார வைப்பீர்கள், யார் பார்த்துக்கொள்வார்கள்?

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019 மார்ச்சில் இதற்கு அனுமதி கொடுத்தபோதே வீட்டுக்குக் கொடுத்தனுப்பக் கூடாது என்று கட்டளையிட்டது. மருத்துவமனையில், ஊழியர் கண் முன்னால், நோயாளியே மூக்கில் அடித்துக்கொள்ள வேண்டும். பிறகு குறைந்தது 2 மணி நேரம் கண்காணிப்பு. காரணம் இருக்கிறது. சுமார் 40 நிமிடத்தில் ரத்த அழுத்தம் உச்சத்துக்குப் போகும், தூக்கம் சொக்கும், உடம்பை விட்டு விலகி நிற்பதுபோலச் சிலருக்குத் தோன்றும். மூளையில் ரத்தக்கசிவு வந்தவர்களுக்கும், ரத்தக்குழாய் வீக்கம் உள்ளவர்களுக்கும் இது ஆகவே ஆகாது. முதல் மாதம் வாரம் இருமுறை, அடுத்த மாதம் வாரம் ஒருமுறை. அத்தனை நாளும் லீவு போட வேண்டும், கூட்டிப்போக ஆளும் வேண்டும்.

இது அதிசய மருந்தும் அல்ல. 2023இல் வெளியான ஓர் ஆய்வில், எட்டு வாரத்தில் நோய் அடங்கியவர்கள் இந்த ஸ்ப்ரே எடுத்தவர்களில் நூற்றுக்கு 27 பேர். க்வெட்டியாபின் மாத்திரை எடுத்தவர்களில் 18 பேர். பிரிட்டனில் மருந்துகளின் பலனையும் செலவையும் எடைபோடும் நைஸ் அமைப்பு, செலவுக்கு ஏற்ற பலன் உறுதியாகவில்லை என்று 2022இல் பரிந்துரைக்க மறுத்துவிட்டது.

"எந்த மருந்தும் கேட்கலை" என்பவர்களில் பலர் பத்தே நாளில் மாத்திரையை நிறுத்தியவர்கள். இரண்டு மருந்துகளை, சரியான அளவில், போதிய வாரங்கள் எடுத்தும் பலனில்லை என்றால்தான் அடங்காத நோய் என்று பேச்சு. தைராய்டு, குடி, இருதுருவ நோய் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். இதற்கு இரண்டாவது டாக்டரின் கருத்தைக் கேட்க சசூன் மருத்துவமனைக்கோ ஏரவாடா மனநல மருத்துவமனைக்கோ போகலாம். ஸ்ப்ரே தவிர லித்தியம் இருக்கிறது, மின்னதிர்வு சிகிச்சை இருக்கிறது. சினிமா காட்டும் மின்னதிர்வை நினைத்துப் பயப்பட வேண்டாம். மயக்க மருந்து இல்லாமல் அதைச் செய்வதற்கு 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை போட்டிருக்கிறது.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. எஸ்கெட்டமைனின் தாய் மருந்தான கெட்டமைன், இந்தியாவில் கடும் கட்டுப்பாடுள்ள எக்ஸ் அட்டவணையில் உள்ள மயக்க மருந்து. அதை மனச்சோர்வுக்கு டிரிப்பாக ஏற்றுவதானால், அனுமதிக்கப்பட்ட பயன்பாட்டுக்கு வெளியே என்பதை முன்பே சொல்ல வேண்டும். மருந்தகங்கள் தாங்களே கலந்து தயாரித்த கெட்டமைனை வீட்டில் எடுப்பது பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 அக்டோபரில் எச்சரித்தது. அதே மாதம் இறந்த நடிகர் மேத்யூ பெர்ரியின் மரணத்துக்குக் காரணம் கெட்டமைன்தான் என்று பிரேதப் பரிசோதனை சொன்னது. கூரியரில் பாட்டில் அனுப்புகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே வெட்டிவிடுங்கள்.

நோய் என்ன, சிகிச்சை என்ன, பக்கவிளைவு என்ன என்று தெரிந்துகொள்வதும், மருத்துவப் பதிவுகளைப் பெறுவதும் மனநலப் பராமரிப்புச் சட்டம் தரும் உரிமை. சேவையில் குறை என்றால் மருத்துவமனைப் பொறுப்பாளரிடமும், அடுத்து மனநல மறுஆய்வு வாரியத்திடமும் புகார் செய்யலாம். உடல் நோய்க்குச் சமமாக மன நோய்க்கும் காப்பீடு உண்டு என்கிறது அதன் பிரிவு 21. ஆனால் அட்மிட் ஆகாத சிகிச்சையைப் பல பாலிசிகள் தொடுவதில்லை. முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். காப்பீட்டு நிறுவனம் புகாருக்கு 30 நாளில் பதில் தராவிட்டால் புனேயிலேயே காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது.

சாக வேண்டும் என்ற நினைப்பு வந்துவிட்டால் ஸ்ப்ரே தேடிக்கொண்டிருக்க வேண்டாம். பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், அல்லது டெலி மானஸ் மனநல உதவி எண் 14416ஐ அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். மராட்டி வராதவர்கள் தமிழிலேயே பேசலாம்.