சுரங்கத்தின் காணாப் பகையும் காவற்கருவிகளும்

நிலக்கரிச் சுரங்கத்தில் உழைப்போருக்குக் கண்ணாற் காண இயலாத பகை ஒன்று உண்டு. அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. நிலக்கரிப் படிவங்களில் நெடுங்காலமாக அடைபட்டுக் கிடக்கும் மீத்தேன் வாயுவே அது. கரி வெட்டப்படும்பொழுது இவ்வாயு வெளிப்பட்டுக் காற்றுடன் கலக்கிறது. காற்றில் இதன் அளவு ஏறத்தாழ 5 சதவீதத்திற்கும் 15 சதவீதத்திற்கும் இடைப்பட்டிருக்குமாயின், ஒரு சிறு பொறியே வெடிப்பை உண்டாக்கப் போதுமானது. ஒன்பதரை சதவீத அளவில் வெடிப்பின் வன்மை மிகுதியாகும்.

இதனால் விளைந்த துயரங்களை நம் நாடு நன்கறியும். மேற்கு வங்கத்துச் சினாகுரிச் சுரங்கத்தில் 1958 பிப்ரவரியில் நேர்ந்த வாயு வெடிப்பில் 170க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தைச் சேர்ந்த தோரிச் சுரங்கத்தில் 1965 மே மாதத்தில் கரித்தூள் வெடித்து 268 பேர் உயிரிழந்தனர். தன்பாத் மாவட்டத்துப் பாட்டிச் சுரங்கத்தில் 2006 செப்டம்பரில் நிகழ்ந்த வெடிப்பு 50 பேரைப் பலிகொண்டது. மீத்தேன் வெடிப்பு முதலில் சிறியதாக இருப்பினும், அது எழுப்பும் கரித்தூளும் தீப்பற்றிக்கொள்ளுமாயின் அழிவு பன்மடங்காகப் பெருகும். ஆகவே வாயுவைத் தொடக்கத்திலேயே கண்டறிதல் இன்றியமையாததாகும்.

சுடரே கருவியாக

1815ஆம் ஆண்டில் ஆங்கில விஞ்ஞானி ஹம்ப்ரி டேவி, சுடரைச் சுற்றி மெல்லிய கம்பி வலையை அமைத்து ஒரு காப்பு விளக்கை ஆக்கினார். வலையின் உலோகம் வெப்பத்தை விரைந்து கவர்ந்துவிடுவதால், உள்ளே எரியும் தீ வெளியிலுள்ள வாயுவை எட்டுவதில்லை. காற்றில் மீத்தேன் கலந்திருப்பின், தணித்துவைத்த சுடரின்மேல் வெளிர்நீல முடி ஒன்று தோன்றும். அம்முடியின் உயரத்தைக் கொண்டு வாயுவின் அளவை மதிப்பிடலாம். எனினும் மிகக் குறைந்த அளவுகளை இவ்வழியில் அறிவது அரிது. பார்ப்பவரின் பயிற்சியையே அளவீடு சார்ந்திருந்தது. விரைந்து வீசும் காற்றில் சுடர் வலையைக் கடந்துவிடும் ஆபத்தும் இருந்தது. இவற்றினும் பெரிய குறை வேறொன்று: விளக்கை ஒருவர் எடுத்துச்சென்று பார்க்கும் நேரத்தில் மட்டுமே அது செய்தி சொல்லும்.

மின்னணு உணர்கருவி

இக்குறைகளை நீக்க வந்ததே வினையூக்கி உணர்கருவி. இதில் கடுகு போன்ற சிறு மணிகள் இரண்டு உள்ளன. ஒவ்வொரு மணியினுள்ளும் மெல்லிய பிளாட்டினக் கம்பிச் சுருள் பதிக்கப்பட்டுள்ளது. ஒரு மணியின்மீது பல்லேடியம் போன்ற வினையூக்கி பூசப்பட்டிருக்கும். மற்றொன்றில் அது இராது. மின்னோட்டத்தால் இரண்டும் சுமார் 500 டிகிரி சென்டிகிரேட் வரை சூடேற்றப்படுகின்றன. மீத்தேன் வந்துற்றால், வினையூக்கி பூசிய மணியின் மேற்பரப்பில் அது சுடரின்றி எரிகிறது. அம்மணியின் வெப்பநிலை உயர, பிளாட்டினத்தின் மின்தடையும் உயர்கிறது. வீட்ஸ்டன் பாலத்தின் சமநிலை இதனாற் குலைகிறது. அவ்வேறுபாடு பெருக்கப்பட்டு, வாயுவின் சதவீதமாகக் காட்டப்படுகிறது. சுற்றுப்புறத்தின் வெப்ப மாறுதல் இரு மணிகளையும் ஒருங்கே தாக்குவதால், அதனாற் பிழை பெரிதும் நேர்வதில்லை. எரியும் மணி வெளிக்காற்றைத் தீண்டாவண்ணம் நுண்துளைத் தகடு ஒன்று சுடர்வலைபோற் காக்கிறது. டேவியின் கருத்து இங்கும் பயன்படுவது நோக்கத்தக்கது.

நம் நாட்டு நிலக்கரிச் சுரங்க விதிகளின்படி, மீத்தேன் 1.25 சதவீதத்தை மிஞ்சினால் மின்சாரத்தை நிறுத்தித் தொழிலாளரை வெளியேற்ற வேண்டும். வெடிப்பெல்லையில் நான்கில் ஒரு பங்கே இவ்வளவு என்பதால், தப்புவதற்குக் காலம் கிடைக்கிறது. உணர்கருவியை இவ்வளவிற்குப் பொருத்திவைத்தால், எச்சரிக்கை மணி ஒலிக்கும், செவ்விளக்கு எரியும், இயந்திரங்களுக்குச் செல்லும் மின்சாரமும் தானே துண்டிக்கப்படும்.

கருவி மௌனமாயின்

இக்கருவிக்கும் வரம்புகள் உண்டு. மீத்தேன் எரியப் பிராணவாயு வேண்டும். வாயு மிகுந்து காற்றுக் குறைந்த இடத்தில் எரிதல் குன்றுவதால், அளவுமானி உள்ளதைவிடக் குறைத்துக் காட்டக்கூடும். சிலிக்கோன் கலந்த மசகுகளும் மெருகுப் பொருள்களும் வெளிவிடும் ஆவி வினையூக்கியை நஞ்சூட்டிச் செயலறச் செய்யும். அத்தகைய கருவியின் முள் பூச்சியத்தில் நிற்கும். தூய காற்றிலும் அது பூச்சியத்திலேயே நிற்கும். வாயு இல்லை என்பதையும் கருவி இறந்துவிட்டது என்பதையும் முள்ளைப் பார்த்து வேறுபடுத்த இயலாது. அளவறிந்த மீத்தேன் கலவையை உணர்கருவியின்மீது செலுத்தி, அது சரியான அளவைக் காட்டுகிறதா, மணி ஒலிக்கிறதா எனக் குறித்த காலங்களிற் சோதிப்பதே ஒரே வழி. அகச்சிவப்புக் கதிரை மீத்தேன் உட்கவரும் பண்பைக் கொண்டு இயங்கும் கருவிகளுக்குப் பிராணவாயுவும் வேண்டா, நஞ்சும் அஞ்சத்தக்கதன்று. ஆனால் தூசியும் ஈரமும் அவற்றின் பார்வையை மறைக்கும்.

கருவியை வைக்கும் இடமும் முக்கியமாகும். மீத்தேனின் எடை காற்றின் எடையில் பாதியளவே என்பதால், காற்றோட்டம் தளர்ந்த இடங்களில் அது கூரையை ஒட்டிப் படலமாகத் தங்கும். தரையருகே வைத்த கருவி அதனை அறியாது. வேலை தடைப்படுகிறது என்று எச்சரிக்கை மணியை அடக்கிவைப்பது, காவலனைக் கட்டிப்போட்டுக் கதவைத் திறந்துவைப்பதற்கு ஒப்பாகும்.

வகுப்பறையில்

இக்கருவியின் தத்துவத்தை வாயு எதுவுமின்றியே ஆசிரியர்கள் விளக்கலாம். பள்ளிச் சோதனைச்சாலையிலுள்ள மீட்டர் பாலத்தின் ஒரு கையில் மெல்லிய இரும்புக் கம்பிச் சுருளை இணைத்து, கால்வனாமீட்டரின் முள் அசையாதவாறு சமநிலை காணவேண்டும். பின்னர் அச்சுருளை மெழுகுவர்த்தியாற் சற்றே சூடேற்றினால் முள் விலகும். வெப்பத்தால் தடை மாறுவதும், அம்மாறுதல் செய்தியாக வெளிப்படுவதும் மாணவர்க்குத் தெளிவாகும். அந்த முள்ளின் சிறு அசைவுதான் பூமிக்கடியில் உழைப்போரை உரிய காலத்தில் வெளியேற்றுகிறது.