கப்பலுக்கும் ஒரு நாடு வேண்டும்

1938 ஆகஸ்ட் 1. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள குளோஸ்டர் துறைமுகத்துக்குள் 89 அடி நீளமுள்ள ஒரு பாய்மரக் கப்பல் நுழைந்தது. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கப்பல் தச்சர் சுந்தரம் மேத்திரியார் வேப்ப மரத்தில் கட்டிய கப்பல் அது. தண்டையல் (கப்பல் தலைவர்) கனகரத்தினம் தம்பிப்பிள்ளை உட்பட அதன் மாலுமிகள் அந்த ஊர்த் தமிழர்கள். ஏடன், சூயஸ், மத்தியதரைக் கடல், பெர்முடா என்று பாய் விரித்தே வந்து சேர்ந்திருந்தார்கள்.

கப்பலைக் கட்டியபோது வைத்த பெயர் அன்னபூரணி. குளோஸ்டருக்கு வந்தபோது அதன் பெயர் 'புளோரன்ஸ் சி. ராபின்சன்'. சிறு படகில் உலகைச் சுற்றி வந்து பெயர் பெற்ற வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் அதை விலைக்கு வாங்கி, தம் மனைவியின் பெயரைச் சூட்டியிருந்தார். இலங்கை அன்று பிரிட்டிஷ் காலனி. அங்கே பதிவான வணிகக் கப்பல் எதுவானாலும், தமிழர் கட்டினாலும் தமிழர் ஓட்டினாலும், அதற்கு உரிய கொடி பிரிட்டனின் செங்கொடிதான்.

கப்பல் எந்த நாட்டுடையது என்பதை மரமும் சொல்லாது, மேத்திரியாரின் கையும் சொல்லாது. பதிவேடுதான் சொல்லும். 1964ஆம் ஆண்டுவாக்கில் பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டிய 32 அடிப் படகு 'சுஹைலி'. அதில் தனியாளாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றிய முதல் மனிதர் ராபின் நாக்ஸ் ஜான்ஸ்டன் 1969 ஏப்ரல் 22 அன்று இங்கிலாந்தின் ஃபால்மவுத் வந்து சேர்ந்தார். 312 நாள் பயணம். இந்தியத் தச்சர்கள் இழைத்த படகுதான். ஆனாலும் சரித்திரத்தில் அது பிரிட்டன் படகு.

சென்னையை அடுத்த மாடம்பாக்கத்தில் ஒருவர் ஸ்கூட்டர் வாங்கினால் தாம்பரம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிந்து, டிஎன் 11 என்று தொடங்கும் எண்ணை மாட்டிக்கொள்கிறார். அந்த எண் இல்லாவிட்டால் போலீஸ்காரர் அபராதம் போடுவார், அவ்வளவுதான். கப்பலுக்கு விஷயம் இதைவிடப் பெரியது. கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் கரையோர நாட்டின் ஆட்சி. அதைத் தாண்டி நடுக்கடலுக்குப் போய்விட்டால், கப்பலின் மேல் செல்லும் சட்டம் அது பதிவான நாட்டின், அதாவது கொடி நாட்டின், சட்டம். அங்கே ஒரு மாலுமிக்கு அநியாயம் நடந்தால் விசாரிக்க வேண்டியதும் அந்த நாடுதான். ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையில் இந்தியா 1995 முதல் உறுப்பு நாடு. அதன் 92ஆம் பிரிவுப்படி ஒரு கப்பலுக்கு ஒரே கொடிதான். வசதிக்குத் தகுந்தபடி இரண்டு கொடிகளை மாற்றி மாற்றி ஏற்றினால், நாடே இல்லாத கப்பலாக அதைக் கருதலாம். நாடில்லாத கப்பலை எந்த நாட்டுப் போர்க்கப்பலும் நிறுத்தி ஏறிச் சோதிக்க முடியும்.

மாடம்பாக்கத்துக்காரருக்கு ஒரு பழைய பாய்மரக் கப்பல் கிடைத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். தாம்பரத்தில் பீச் வண்டி ஏறிக் கடைசி ஸ்டேஷனில் இறங்கினால் ராஜாஜி சாலை. அங்கே ஆங்கர் கேட் கட்டடத்தில் வணிகக் கடல்துறை அலுவலகம் இருக்கிறது. அதன் தலைமை அதிகாரிதான் சென்னைத் துறைமுகத்தின் கப்பல் பதிவாளர்.

முதலில் அவர் கேட்பது, கப்பல் எங்கே, எப்போது, யாரால் கட்டப்பட்டது என்று சொல்லும் கட்டுநர் சான்று. பழைய கப்பல்கள் இடறுவது இங்கேதான். மேத்திரியார்கள் வரைபடம் போட்டுக் கட்டியவர்களில்லை, அளவெல்லாம் மனக்கணக்கு. அவர்கள் கட்டியதற்கு வேலை நடந்த காலத்திலேயே யாராவது சான்று எழுதி வாங்கி வைத்திருந்தால் உண்டு. அடுத்தது விற்பனைப் பத்திரம். கப்பல் வெளிநாட்டுடையது என்றால், அந்த நாட்டுப் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கியதற்கான சான்றும் வேண்டும். அதன்பின் சர்வேயர் வந்து உள்ளளவு எடுப்பார். பழைய முறையில் 100 கன அடி இடம் ஒரு டன். கப்பலின் எடைக்கும் இந்த டன்னுக்கும் சம்பந்தமில்லை.

எல்லாம் சரியாக இருந்தால் பெயரும் எண்ணும் பொறிக்கும் வேலை. அணியம் எனும் முன்புறத்தின் இரு பக்கமும் பெயர், அமரம் எனும் பின்புறத்தில் பெயரும் பதிவுத் துறைமுகமும் வரவேண்டும். கருநிறத்தின்மேல் வெள்ளை அல்லது மஞ்சள் எழுத்து, வெளிர்நிறத்தின்மேல் கறுப்பு. உள்ளே, முதன்மை உத்திரத்தில் அதிகாரப்பூர்வ எண்ணையும் டன் அளவையும் உளியால் வெட்டிப் பதிக்க வேண்டும். பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றினாலும், பாய்களைப் புதிதாகத் தைத்தாலும், அந்த உத்திரத்தின் எண்ணைக் கொண்டே கப்பலை அடையாளம் காண்பார்கள். பிறகுதான் பதிவுச் சான்றிதழ் கைக்கு வரும். மூலையில் மூவர்ணம் கொண்ட இந்திய வணிகக் கப்பல்களின் செங்கொடியை ஏற்றும் உரிமையும் அதோடு வரும்.

வெளிநாட்டிலேயே கப்பலை வாங்கியவர் கொடியில்லாமல் எப்படி ஊர் வந்து சேர்வார்? 1958ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டம் அதற்கும் வழி வைத்தது. அங்குள்ள இந்தியத் தூதரக அதிகாரி தற்காலிகச் சான்றிதழ் தரலாம். ஆறு மாதமோ, பதிவாளர் இருக்கும் இந்தியத் துறைமுகத்தை அடையும் வரையோ, எது முந்துகிறதோ அதுவரை அது செல்லும்.

அந்தச் சட்டம் கரையோரம் மட்டும் ஓடும் 15 டன்னுக்கு உட்பட்ட கலங்களுக்கு விலக்கு அளித்திருந்தது. தூத்துக்குடித் தோணி போன்ற பாய்க்கப்பல்களுக்குத் தனிப் பகுதியே அதில் இருந்தது. கொழும்புக்குச் சரக்கேற்றிப் போன அந்தப் பெரிய தோணிகளில் பின்னாளில் இன்ஜின் ஏறியது. ஏட்டில் அவை இயந்திரம் பொருத்திய பாய்க்கப்பல்கள் ஆயின. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் புதிய வணிகக் கப்பல் சட்டத்தை நிறைவேற்றியது. பாயால் ஓடினாலும் இன்ஜினால் ஓடினாலும், சிறிதானாலும் பெரிதானாலும், கலங்கள் பதிவுக்குள் வரவேண்டும் என்பது அதன் நோக்கம். இது வரவேற்க வேண்டிய மாற்றம். ஏட்டில் ஏறாத கலம் உடைபட்டால், அது மிதந்ததற்கே சாட்சி இராது.

அன்னபூரணியை இன்று வல்வெட்டித்துறை பெருமையோடு சொந்தம் கொண்டாட முடிகிறது என்றால், கட்டியவர் பெயரும், ஊரும், ஓட்டியவர்கள் பெயரும் எழுத்தில் நின்றதுதான் காரணம். அதே கரைகளில் பிறந்து பெயர் தெரியாமல் மறைந்த கப்பல்கள் எத்தனையோ. தூத்துக்குடியிலோ நாகப்பட்டினத்திலோ தோணி வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளைகள் பலர் இன்று தாம்பரம், மாடம்பாக்கம் பக்கம் குடியிருக்கலாம். ஊர் வீட்டுப் பரணில் தாத்தாவின் தோணிச் சான்றிதழ் இருந்தால் பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டுவிட வேண்டாம். ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலோ, கடல்சார் வரலாறு படிக்கும் ஆய்வாளர்களிடமோ காட்டுங்கள்.