கணிப்பொறிக்கும் ஓர் அடங்கல் வேண்டும்

நிலமுள்ள அங்கத்தினர்களுக்குப் பட்டா வேறு, அடங்கல் வேறு என்பதை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நிலம் யாருடையது என்பதைப் பட்டா சொல்லும். அந்நிலத்தில் இவ்வாண்டு என்ன பயிர் நிற்கிறது, எந்த நீரால் விளைகிறது என்பதை அடங்கல் சொல்லும். பட்டா பல்லாண்டுகள் மாறாமல் இருக்கலாம். அடங்கலையோ வயலை நேரில் பார்த்துப் பசலிதோறும் எழுத வேண்டும். பாராமல் எழுதிய அடங்கலால் விளையும் தொல்லையைப் பயிர்க் கடனுக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் அலைந்தவர்கள் நன்கு அறிவர்.

நம் சங்கங்களில் இடம்பெற்றுவிட்ட கணிப்பொறிகளுக்கும் இவ்விரு கணக்குகளும் தேவை. தளவாடப் பதிவேட்டில் "கணிப்பொறி 3, அச்சுப்பொறி 1" என்று விலையோடு எழுதிவைக்கிறோமே, அது பட்டாவைப் போன்றது. அந்தக் கணிப்பொறிகள் இன்று எந்நிலையில் இயங்குகின்றன என்பதைக் கூறும் அடங்கல்தான் பெரும்பாலும் எழுதப்படாமல் போகிறது.

காஞ்சிபுரத்து நெசவாளர் இவ்வேறுபாட்டை நொடியில் உணர்வர். ஒரே தச்சர் செய்த இரண்டு தறிகள் அருகருகே நிற்கலாம். ஆயினும் ஒன்றில் பூட்டிய அச்சு வேறு, பாவின் இழைக்கணக்கு வேறு, ஜக்கார்டு அட்டைகளின் வரிசை வேறு. "தறி 2" என்று மட்டும் எழுதிய பதிவேட்டைக் கொண்டு, பாதியில் நின்ற சேலையை மற்றொருவர் தொடர்ந்து நெய்ய இயலாது. கணிப்பொறியும் அத்தகையதே. அதனுள் இயங்கும் மென்பொருள் யாது, அதன் பதிப்பு எது, கடைசியாகத் திருத்தம் சேர்த்தது என்று, யார் யார் உள்ளே நுழையலாம், வெளியுலகுக்கு எந்த வழி திறந்திருக்கிறது, கணக்குகளின் நகல் எங்கே செல்கிறது, இது நின்றால் வேறு எவை நிற்கும் என்பனவெல்லாம் சேர்ந்ததே அதன் அமைவு எனப்படும்.

இக்கணக்கின் அருமை நெருக்கடி நேரத்தில்தான் விளங்கும். நம் அண்டையிலுள்ள ஒரகடத்தையே எடுத்துக்கொள்வோம். ரெனோ, நிசான் நிறுவனங்கள் கூட்டாக அமைத்த கார் ஆலை அங்கு 2010-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 2017 மே 12-ஆம் நாள் 'வான்னாகிரை' என்னும் நச்சு நிரல் உலகெங்கும் பரவி, கணிப்பொறிகளிலுள்ள கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டபோது, ஒரகடத்து ஆலையும் பாதிப்புக்குள்ளாயிற்று. பிரான்சிலும் இங்கிலாந்திலும் கார் ஆலைகள் சிக்கின. ஏறக்குறைய 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கணிப்பொறிகள் அதற்கு இரையாயின.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்நிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் மார்ச் 14-ஆம் நாளே வெளியிட்டிருந்தது. மருந்து கைக்கு வந்து இரண்டு திங்களுக்குப் பின்னரே நோய் வந்தது. ஆனால் எந்தக் கணிப்பொறிக்கு மருந்து கொடுத்தாயிற்று, எதற்குக் கொடுக்கவில்லை என்று அறிந்தவர்களுக்குத்தானே அம்மருந்து பயன்படும்? இங்கிலாந்தின் பொது மருத்துவமனை அமைப்புகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அன்று தடுமாறின. அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் 2017 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை, எச்சரிக்கைகள் முன்பே அனுப்பப்பட்டிருந்தன என்றும், அவற்றை மருத்துவமனைகள் நிறைவேற்றினவா என்று அறிவதற்கு முறையான ஏற்பாடு இல்லை என்றும் கூறியது.

பெரிய ஆலைகளின் கவலை நமக்கு எதற்கு என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். கூட்டுறவு வங்கிகளுக்கே நேர்ந்ததைச் சொல்லுவோம். கூட்டுறவு வங்கிகளுக்கும் வட்டார ஊரக வங்கிகளுக்கும் கணிப்பொறிச் சேவை அளிக்கும் சி-எட்ஜ் என்னும் நிறுவனம் 2024 ஜூலை இறுதியில் இத்தகைய தாக்குதலுக்கு ஆளாயிற்று. தீமை பரவாதிருக்கும் பொருட்டு அந்நிறுவனத்தின் இணைப்பைத் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் தற்காலிகமாகத் துண்டித்தது. அதனால் ஏறத்தாழ 300 சிறு வங்கிகளின் பணப்பரிவர்த்தனை தடைப்பட்டு, ஆகஸ்டு 1-ஆம் நாள்தான் மீண்டது. தன் கூடத்துக் கணிப்பொறிகள் பழுதின்றி இருந்தும் பணம் அனுப்ப இயலாத நிலை அவ்வங்கிகளுக்கு ஏற்பட்டது. ஆகவே, நம் சங்கம் வெளியில் யாரை நம்பி நிற்கிறது, அவர் கைவிட்டால் யாரை அழைப்பது, அன்றைய வரவு செலவைக் கையால் எப்படி எழுதுவது என்பனவும் பதிவேட்டில் இருத்தல் வேண்டும்.

பதிவேடு தொடங்குவது அரிதன்று. அதை உண்மையோடு ஒட்டி வைத்திருப்பதே அரிது. பழுது பார்க்க வந்தவர் ஒரு சிறு மாற்றம் செய்வார். "பிறகு எழுதிக்கொள்ளலாம்" என்பார். சில மாதங்களில் அவருக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ஆலையொன்றில் வேலை கிடைத்துவிடும். அவர் செய்த மாற்றமும் அவரோடு போய்விடும். எழுதாத கணக்கு அழுதாலும் தீராது. பழைய நிலையைக் காட்டும் பதிவேடு, பதிவேடே இல்லாமையினும் கொடிது. அதை நம்பியன்றோ நாம் முடிவெடுக்கிறோம்?

ஆகவே சில விதிகளைக் கைக்கொள்ள வேண்டும். மாற்றம் செய்தவர் அன்றைக்கே நாளும் காரணமும் எழுதிக் கையொப்பமிட வேண்டும். செயலாளர் அதைப் பார்வையிட வேண்டும். இப்பொறுப்பைப் பெயர் குறித்து ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். எல்லோருடைய வேலையென்றால் அது எவருடைய வேலையும் ஆகாது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஜமாபந்தி போலச் சரிபார்க்க வேண்டும். அதை இரு வழியாகவும் செய்தல் நலம். ஏட்டில் உள்ளது கூடத்தில் இருக்கிறதா என்பது ஒன்று. கூடத்தில் இருப்பது ஏட்டில் ஏறியிருக்கிறதா என்பது மற்றொன்று. கிடங்கு மூலையில் எவரும் நினையாத பழைய கணிப்பொறியொன்று இணைப்பு நீங்காமல் கிடந்தால், இரண்டாவது சோதனையே அதைக் காட்டிக்கொடுக்கும். விண்டோஸ் 10 மென்பொருளுக்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்குவது 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது. நம் சங்கத்தில் எத்தனை கணிப்பொறிகள் இன்னும் அதில் ஓடுகின்றன என்ற கேள்விக்கு ஏட்டைப் புரட்டி உடனே விடை கூற முடிகிறதா என்று பாருங்கள். முதற்சோதனை அதுவே ஆகட்டும்.

பதிவேட்டைக் கணிப்பொறிக்குள் மட்டும் வைத்தல் கூடாது. பெட்டியைப் பூட்டிச் சாவியை உள்ளே வைத்ததாக முடியும். தாளில் ஒரு பிரதி இரும்புப் பெட்டியில் இருக்கட்டும். கடவுச்சொற்களைப் பதிவேட்டில் எழுதலாகாது. அவற்றைத் தனி உறையில் முத்திரையிட்டுக் காக்க வேண்டும். தாக்குதல் நேர்ந்தால் 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டுமென, கணிப்பொறிப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பாகிய 'செர்ட்-இன்' 2022 ஏப்ரல் 28-ஆம் நாள் நிறுவனங்களுக்குக் கட்டளையிட்டுள்ளது. எது எங்கே இருக்கிறதென்று தேடுவதிலேயே கழிந்துவிட்டால், அந்த 6 மணி நேரம் எதற்குப் போதும்?

இந்தியாவில் முதன்முதலாகப் பதிவு பெற்ற நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904 அக்டோபரில் நம் காஞ்சிபுரத்தில் தோன்றியது. அந்நாள் முதல் அங்கத்தினரின் நம்பிக்கை பேரேட்டைப் பற்றியே நின்று வந்துள்ளது. இன்று அப்பேரேடு கணிப்பொறிக்குள் இருக்கிறது. பேரேட்டைச் சரியாக எழுதினால் மட்டும் போதாது. பேரேடு குடியிருக்கும் வீட்டின் கணக்கையும் சரியாக எழுத வேண்டும். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் "நம் கணிப்பொறிகளின் அடங்கல் எங்கே?" என்று அங்கத்தினர் ஒவ்வொருவரும் கேட்பாராக.