சீட்டுக்கட்டில் பதுங்கிய வெருகு

தொல்காப்பியர் பட்டியலிட்ட பிராணிகள் அடுகோடித் தெருக்களில் கன்னடம் பேசித் திரிகின்றன. பிள்ளைகளின் விலங்குச் சீட்டாட்டம் அவற்றைத் தமிழ் வீடுகளுக்குத் திருப்பி அழைத்து வருமா?

அணில் படம் போட்ட ஒரு சீட்டை அடுகோடித் தமிழ்க் குடும்பத்துக் குழந்தை ஒன்றிடம் காட்டினால் 'ஸ்க்விரல்' என்று பதில் வரும். வீட்டில் பாட்டி இருந்தால் 'அணில்' என்றும் வரலாம். அடுத்த சீட்டு கீரி. இப்போது தயக்கம். ஆங்கிலப் பெயர் பாடப் புத்தகத்தில் வந்திருந்தால் தப்பித்துக்கொள்ளும். தமிழ்ப் பெயர் கேட்டால் அம்மாவின் முகத்தைப் பார்க்கும். அம்மா அப்பாவைப் பார்ப்பார். ஆனால் பக்கத்து வீட்டுக் கன்னடக் குழந்தை கொஞ்சமும் யோசிக்காமல் 'முங்குசி' என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்குக் கை நீட்டும்.

ஓசூர் சாலையை ஒட்டிய அடுகோடி, பெங்களூரில் தமிழ்க் குரல் சரளமாகக் கேட்கும் பேட்டைகளில் ஒன்று. 'மைக்கோ' என்ற பெயரால் ஊர் அறிந்திருந்த பாஷ் தொழிற்சாலை 1950-களில் இங்கே இயங்கத் தொடங்கியது. 2022-ல் அந்த இடம் தொழில்நுட்ப வளாகமாக உருமாறித் திறப்பு விழாவும் கண்டுவிட்டது. உலைக்கூடங்களுக்கும் பட்டறைகளுக்கும் வேலை தேடி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம். மூன்று மொழி தெரிந்த பிள்ளை என்று பெருமைப்படலாம். ஆனால் விலங்குகளின் பெயர் என்று வரும்போது மூன்றில் ஒன்று வேகமாகத் தேய்கிறது. தேய்வது தமிழ்தான்.

கடைகளில் கிடைக்கும் விலங்குச் சீட்டுகள் இதற்கு அதிகம் உதவுவதில்லை. பெரும்பாலானவை ஆங்கில அகரவரிசைக்குக் கட்டுப்பட்டவை. 'ஒய்' எழுத்துக்கு யாக், 'இஸட்'டுக்கு ஜீப்ரா. இரண்டுமே அடுகோடிக்கு வந்து போகும் பிராணிகள் அல்ல. பழைய தமிழ் அரிச்சுவடி இந்த விஷயத்தில் கெட்டிக்காரத்தனமானது. அதன் உயிரெழுத்து வரிசையில் அணில், ஆடு, ஈ, எலி, ஒட்டகம் என்று ஐந்து உயிர்கள். ஒட்டகம் ஒன்றைத் தவிர மற்ற நாலும் குழந்தையின் வாசலுக்கே வந்து காட்சி கொடுப்பவை.

சீட்டு என்றதும் தமிழ்நாட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பதற்குக் காரணம் உண்டு. சீட்டாட்டத்தில் வீடு வாசல் போன கதை இல்லாத ஊர் கிடையாது. கைபேசி வந்த பிறகு அது ஆன்லைன் ரம்மியாகி உயிர்களையும் வாங்கியது. 2022-ல் தமிழக அரசு அதற்கென்றே சட்டம் போட்டது; 2025-ல் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு எதிராக நாடாளுமன்றமும் சட்டம் இயற்றியது. இந்தப் பின்னணியில் நாலு வயசுப் பிள்ளையின் கையில் சீட்டைக் கொடுப்பதா என்று ஒரு தாத்தா சீறினால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தாத்தாவே கோடை விடுமுறையில் பேரன்களோடு உட்கார்ந்து 'கழுதை' ஆடியவராக இருப்பார். கையில் இனம் இல்லாதவன் வெட்டுவான். அந்தச் சுற்றில் பெரிய சீட்டைப் போட்டவன் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்வான். கடைசிவரை சீட்டோடு மாட்டிக்கொண்டவன் கழுதை. காசு கிடையாது, கேலி மட்டும்தான்.

விலங்குகளுக்கும் சீட்டுக்கும் உள்ள உறவு ராஜாராணிச் சீட்டைப் போலவே பழையது. 15-ம் நூற்றாண்டு ஜெர்மனியில் செதுக்கி அச்சிடப்பட்ட சீட்டுகளில் பறவைகள், மான்கள், கொன்று தின்னும் மிருகங்கள் ஆகியவையே இனங்களாக இருந்தன. இந்தியாவில் கஞ்சீபா. 1527-ல் பாபர் சிந்துவுக்குக் கஞ்சீபா கட்டு அனுப்பியதை அவரது நினைவுக் குறிப்பு சொல்கிறது. அக்பரின் அரண்மனையில் ஆடப்பட்ட 12 இனங்கள் கொண்ட கட்டை அபுல் பஸல் 'அயினி அக்பரி'யில் விவரிக்கிறார். அதில் குதிரைகளின் அதிபதி, யானைகளின் அதிபதி, காட்டு விலங்குகளின் அதிபதி, பாம்புகளின் அதிபதி எல்லாம் உண்டு. இனத்துக்கு 12 வீதம் 144 சீட்டுகள். பின்னால் வந்த தசாவதாரக் கட்டு 120 சீட்டு. மீன், ஆமை, பன்றி, சிங்கம் என்றுதான் தொடங்கும். அடுகோடியிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் உள்ள மைசூரில், 1868-ல் மறைந்த மும்மடி கிருஷ்ணராஜ உடையாருக்கு இந்த ஆட்டத்தில் அசாத்திய மோகம். அவர் வகுத்த கட்டுகளில் மிகப் பெரியவற்றில் 300-க்கும் மேற்பட்ட வட்டச் சீட்டுகள். அவற்றைக் கையில் எப்படிப் பிடித்தார்கள் என்பது வேறு கேள்வி.

ராஜாக்களின் கையிலிருந்து சீட்டு குழந்தைகளின் கைக்கு இறங்கியதில் ஐரோப்பாவின் பங்கு பெரிது. கவிழ்த்துப் போட்ட படங்களில் ஜோடி தேடும் ஆட்டத்தை ஜெர்மனியின் ரவன்ஸ்பர்கர் நிறுவனம் 1959-ல் 'மெமரி' என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. பெரியவர்கள் சின்னப் பிள்ளைகளிடம் நேர்மையாகவே தோற்றுப்போகும் வெகுசில ஆட்டங்களில் இது ஒன்று. 1978-ல் பிரிட்டனில் வந்த 'டாப் டிரம்ப்ஸ்' எண்களை வைத்து மோதும் ஆட்டம். அதன் வாரிசுகள்தான் 1990-களில் இந்தியப் பையன்கள் பைத்தியமாக அலைந்த மல்யுத்த, கிரிக்கெட் சீட்டுகள்.

பிறகு ஜப்பானிலிருந்து போக்கிமான் வந்தது. அதன் சீட்டுகள் 1996-ல் வெளியாயின. பிராணிகளுக்கும் சீட்டுக்கும் உள்ள தொடர்பில் மிகவும் சங்கடமான ஆராய்ச்சி இதை வைத்து நடந்ததுதான். கேம்பிரிட்ஜ் விலங்கியலாளர் ஆண்ட்ரூ பாம்ஃபோர்டும் சகாக்களும் 4 முதல் 11 வயது வரையிலான 109 பிரிட்டிஷ் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளிடம் இரண்டு வகைச் சீட்டுகளைக் காட்டினார்கள். ஒரு வகையில் அந்த நாட்டின் சாதாரணச் செடிகொடிகள், விலங்குகள். மற்றொன்றில் போக்கிமான் கற்பனைப் பிராணிகள். நாலு வயதில் நிஜ உயிர்களைத்தான் அதிகம் தெரிந்திருந்தது. எட்டு வயதில் நிலைமை தலைகீழ்: போக்கிமான்களில் 80 சதவிகிதம் வரை அடையாளம் சொன்ன பிள்ளைகள், நிஜ உயிர்களில் பாதியைத்தான் சொன்னார்கள். 2002-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியான இந்த முடிவைக் கேட்டு இயற்கை ஆர்வலர்கள் தலையில் கை வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், போக்கிமானை உருவாக்கிய சதோஷி தாஜிரி சிறுவயதில் பூச்சி பிடித்துச் சேர்த்தவர். ஆட்டத்தின் வித்து அந்தப் பொழுதுபோக்குதான்.

ஆனால் அந்த ஆராய்ச்சியை இன்னொரு விதமாகவும் படிக்கலாம். சீட்டில் வந்தால் குழந்தைகள் நூறு பெயர்களைக்கூட அநாயாசமாக நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். இதைப் புரிந்துகொண்டவர்களில் ஒருவர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் இங். அவர் முன்கையெடுத்து 2010-ல் தொடங்கிய 'ஃபைலோ' நிஜ உயிர்களை வைத்தே போக்கிமான் பாணியில் ஆடும் சீட்டாட்டம்.

இந்தியாவிலும் ஆட்கள் சும்மா இருக்கவில்லை. மைசூர் மிருகக்காட்சிசாலையில் தொண்டராகத் தொடங்கிய அமெரிக்கரான ஸாலி வாக்கர் 1985-ல் நிறுவிய ஜூ அவுட்ரீச் அமைப்பு, கோவையிலிருந்து முகமூடிகளும் படப் பொட்டலங்களுமாக வௌவாலையும் தவளையையும் பள்ளிகளுக்கு அனுப்பியது. அவர் 2019-ல் மறைந்தார். மைசூரை மையமாகக் கொண்ட இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் 'ஏர்லி பேர்ட்' திட்டம் பறவைப் படங்களையும் கையேடுகளையும் தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளில் தருகிறது. கடைத்தெருவில் செல்வாக்குள்ளது மும்பையின் ஸ்கில்மேட்டிக்ஸ் நிறுவனம் விற்கும் 'கெஸ் இன் 10' வகை. ஒருவர் சீட்டை மறைத்துக்கொள்வார். மற்றவர் பத்துக் கேள்விக்குள் விலங்கைக் கண்டுபிடிக்க வேண்டும். முதுகெலும்பு உண்டா, முட்டையிடுமா என்று கேள்வி கேட்கவே கற்றுத்தரும் நல்ல ஆட்டம். மொழி ஆங்கிலம்.

தமிழில் செய்தால் எப்படி இருக்கும்? அகராதியைத் தூக்க வேண்டாம். சீட்டுக்கட்டுக்கு ஏறக்குறையத் தயாரான பட்டியல் தொல்காப்பியத்தில் இருக்கிறது. பொருளதிகாரத்தின் கடைசி இயலான மரபியல், விலங்குகளின் குட்டிகளுக்குரிய ஒன்பது பெயர்களோடு தொடங்குகிறது: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. தொடர்ந்து ஆணுக்குப் பதினைந்து, பெண்ணுக்குப் பதின்மூன்று. எந்தப் பெயர் எந்த விலங்குக்கு என்ற பங்கீடும் உண்டு. யானைக்கும் குதிரைக்கும் கழுதைக்கும் கன்று. நாய்க்கும் புலிக்கும் பன்றிக்கும் முயலுக்கும் குருளை. ஆட்டுக்கு மறி. கிடாவுக்கு நாலு பெயர், அதில் ஒன்று அப்பர். பெண் பன்றிக்கும் பெண் நாய்க்கும் பாட்டி என்று பெயர் கொடுத்திருக்கிறார் தொல்காப்பியர். அந்தச் சீட்டை மட்டும் வீட்டுப் பெரியவர்கள் இல்லாத நேரத்தில் ஆடுவது நல்லது.

அந்தப் பட்டியலில் ஒரு சூத்திரம் அடுகோடிக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது. மூங்கா, வெருகு, எலி, மூவரி அணில் என்ற நான்கின் இளமைப் பெயர் குட்டி என்கிறது அது. மூங்கா என்பது கீரி. வெருகு என்பது பூனை வகை. எலியும் அணிலும் மட்டும் இன்றைய தமிழில் பிழைத்திருக்கின்றன. முதல் இரண்டும் உரையாசிரியர்களின் துணையில்லாமல் யாருக்கும் புரியாது, தமிழ்நாட்டில். அடுகோடியில் கதையே வேறு. கீரிக்குக் கன்னடத்தில் முங்குசி, மூங்காவின் உறவு. பூனைக்கு பெக்கு, பழைய கன்னடத்தில் பெர்க்கு, வெருகின் உடன்பிறப்பு. எலிக்கு இலி, அணிலுக்கு அளிலு. தமிழ்ப் புலவர்கள் அருஞ்சொல் அட்டவணையில் வைத்துப் பூட்டிய இரண்டு பிராணிகளைப் பெங்களூர்த் தெருப்பிள்ளைகள் தினமும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

ஒவ்வொரு சீட்டிலும் இரண்டு மொழிப் பெயரையும் எழுதினால் இன்னொரு சுவாரசியமும் தானே வெளியே வரும். புலி - ஹுலி. பன்றி - ஹந்தி. பாம்பு - ஹாவு. பல்லி - ஹல்லி. நாலாவது ஜோடியைத் திருப்பும்போது சூட்டிகையான பிள்ளை ஐந்தாவதைத் தானே ஊகிக்கும். தமிழின் சொல்முதல் பகரம் கன்னடத்தில் பத்தாம் நூற்றாண்டுக்குப் பின் மெல்ல மெல்ல ஹகரமானது என்பது முதுகலை வகுப்பில் சொல்லித்தரும் பாடம். சீட்டில் அது அரை மணி நேர வேலை.

ஊரின் பெயரிலேயே இப்படி ஒரு முடிச்சு உண்டு. தமிழில் அடுகோடி என்று எழுதினாலும் கன்னடத்தில் அது ஆடுகோடி. 'கோடி' என்றால் ஏரி நிரம்பி வழியும் வாய். 'ஆடு' இரு மொழியிலும் மே என்று கத்தும் பிராணி. இரு மொழியிலும் விளையாடு என்ற ஏவலும்கூட. பெயர்க்காரணம் இதுதான் என்று சத்தியம் செய்யத் தேவையில்லை. ஆனால் பிராணிகளோடு இந்த இடத்துக்கு உள்ள சொந்தம் ஆவணங்களில் உள்ளது. 1923-ல் கால்நடை வளர்ப்புக்காக ஏற்படுத்தப்பட்ட நிலையம் இன்று தேசிய பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையமாக இங்கே இருக்கிறது. 1927-ல் உடல்நலம் தேறப் பெங்களூரில் தங்கியிருந்த காந்தி அங்கே போய் மாடு வளர்ப்பு பயின்றார். கால்நடைகளின் தீவனத்தையும் உடலியக்கத்தையும் ஆராயும் தேசிய நிறுவனம் 1995-ல் அதே பகுதியில் வந்தது.

கட்டு செய்யச் செலவு ஒன்றும் பெரிதாக இல்லை. எல்லா வீட்டிலும் பரணில் கல்யாணப் பத்திரிகைகள் குவிந்திருக்கின்றன. அவற்றின் அட்டையை ஒரே அளவில் 25 துண்டுகளாக வெட்டினால் போதும். அச்சிட்ட பக்கம் அடையாளம் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் பின்புறம் வெள்ளைத் தாள் ஒட்ட வேண்டும். பன்னிரண்டு விலங்குகள், ஒவ்வொன்றுக்கும் தாய் ஒரு சீட்டு, குட்டி ஒரு சீட்டு. படம் பிள்ளைகளே வரையலாம். எலியும் மூங்காவும் ஒன்றுபோல் வந்துவிட்டால் வால் உதவும். விலங்குகளைத் தேர்ந்தெடுக்கும்போது பாதியாவது வீட்டைச் சுற்றி இருப்பவையாக இருக்கட்டும்: அணில், ஆடு, மாடு, எலி, பல்லி, காகம், பருந்து. முதுகில் மூன்று கோடு உள்ள அணில் என்று தொல்காப்பியர் எண்ணிச் சொன்னது சரிதானா என்று மாமரத்தடியில் நின்று சரிபார்க்கலாம். சிங்கத்தை இப்படிச் சரிபார்க்க முடியாது.

மீதி இடங்களில் ஒன்றைத் தேவாங்குக்குக் கட்டாயம் ஒதுக்க வேண்டும். பெங்களூரில் இந்திய அறிவியல் நிறுவன வளாகத்திலும் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்திலும் இந்தக் குட்டிப் பிராணி இரவில் மரக்கிளைகளில் நடமாடுவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். தமிழ்நாடு அரசு 2022-ல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர் காட்டுப் பகுதியில் 11,806 ஹெக்டேரை நாட்டின் முதல் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. தமிழில் தேவாங்கு என்பது ஒல்லியாக, பேந்தப் பேந்த விழிப்பவனைத் திட்டும் சொல். கன்னடத்தில் அதன் பெயர் காடுபாப, காட்டுக் குழந்தை. ஒரே சீட்டில் இரண்டையும் எழுதி வைத்தால் எந்தப் பெயரைப் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள் என்பதை ஊகிப்பது சிரமமில்லை.

ஆட்டம் வயதுக்கேற்ப மாறும். நாலைந்து வயதுக்காரர்களுக்கு எல்லாச் சீட்டையும் தரையில் கவிழ்த்துப் போட்டு ஜோடி தேடுவது. ஜோடி கிடைத்தவர் தாயின் பெயரையும் குட்டியின் பெயரையும் சொன்னால்தான் சீட்டு அவருக்கு. சொல்லத் தெரியாவிட்டால் கவிழ்த்துவிட வேண்டும். இங்கேதான் பாட்டியின் மதிப்பு கூடுகிறது. பிள்ளைகள் அவர் பக்கத்தில் இடம் பிடிக்கச் சண்டை போடுவார்கள். கொஞ்சம் பெரியவர்களுக்கு, சீட்டை எல்லோருக்கும் பங்கிட்டு, அடுத்தவர் கையிலிருந்து பார்க்காமல் ஒன்று உருவுவது. ஜோடி சேர்ந்தவை கீழே இறங்கிவிடும். இருபத்தைந்தாவது சீட்டுக்கு மட்டும் ஜோடி கிடையாது. அதில் வரைய வேண்டியது கழுதை. கன்னடத்தில் கத்தெ. கடைசியில் அது யார் கையில் தங்குகிறதோ அவர்தான் அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டைக் கலைத்துப் போட வேண்டும்.