"நன்றாகத்தானே இருக்கிறான்!" என்று இருந்துவிடாதீர்கள்

காய்ச்சல் மாத்திரை இல்லாத வீடு இல்லை. தலைவலி என்றாலும் அதுதான். உடம்பு வலி என்றாலும் அதுதான். அதன் பெயர் பாராசிட்டமால்.

அளவோடு சாப்பிட்டால் அது நல்ல மருந்து. அளவு மீறினால் அதுவே நஞ்சு!

இந்த நஞ்சு உடனே தன் வேலையைக் காட்டாது. அளவுக்கு மேல் மாத்திரை தின்றவர் முதல் நாள் நன்றாகவே இருப்பார். பேசுவார், நடப்பார். சிலருக்குக் குமட்டலும் வாந்தியும் இருக்கும். "தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்று வீட்டார் இருந்துவிடுவார்கள்.

மறுநாள் வலது விலாவின் கீழே வலி எடுக்கும். மூன்றாம் நாள் கண் மஞ்சளாகும். அதற்குள் கல்லீரல் கெட்டுப்போயிருக்கும். உயிருக்கே ஆபத்து!

கல்லீரலில் நடப்பது என்ன?

நாம் தின்னும் பாராசிட்டமாலில் ஒரு சிறு பகுதி கல்லீரலில் நஞ்சாக மாறுகிறது. குளூட்டாதயோன் என்ற பொருள் அந்த நஞ்சை அடக்கிவிடுகிறது. மாத்திரை அளவு மீறினால் குளூட்டாதயோன் தீர்ந்துபோகிறது. பிறகு நஞ்சைத் தடுக்க ஆள் இல்லை. அது கல்லீரலையே அழிக்கிறது.

உயிர் காக்கும் மருந்து

இதற்கு மாற்று மருந்து உண்டு. அதன் பெயர் அசிட்டைல்சிஸ்டீன். முதலில் அது சளியை இளக்கும் மருந்தாக இருந்தது. அது கல்லீரலைக் காப்பாற்றும் என்பதை 1970-களில் எடின்பரோ நகரில் டாக்டர் பிரெஸ்காட்டும் அவருடைய குழுவினரும் எடுத்துக் காட்டினார்கள். தீர்ந்துபோன குளூட்டாதயோனை உடம்பு மறுபடி உண்டாக்க இது உதவுகிறது.

மாத்திரை தின்ற 8 மணி நேரத்துக்குள் இந்த மருந்தை ஏற்றத் தொடங்கினால், அநேகமாக எல்லோருடைய கல்லீரலும் தப்பிவிடும். நேரம் ஆக ஆகப் பலன் குறையும். ஆனாலும், 8 மணி கடந்துவிட்டதே என்று கைவிட வேண்டாம். அப்போதும் டாக்டர்கள் மருந்து கொடுப்பார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது

உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். அல்லது பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

காலி மாத்திரை அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். எத்தனை மாத்திரை, எத்தனை மணிக்கு என்று டாக்டரிடம் உள்ளபடி சொல்லுங்கள்.

உப்புத் தண்ணீர், சாணிக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அது மூச்சுக் குழாயில் புகுந்தால் வேறு ஆபத்து.

மனம் உடைந்து ஒருவர் மாத்திரை தின்றிருந்தால் திட்டாதீர்கள். தனியே விடாதீர்கள். போலீசுக்குப் பயந்து மறைக்கவும் வேண்டாம். மிகுந்த மன வேதனையில் இருந்தவராகவே அவரைக் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம்.

வருமுன் காப்போம்

சளி மாத்திரை பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்து விழுங்கினால் தெரியாமலே அளவு மீறும். அட்டையைப் படித்துப் பாருங்கள். நல்ல உடல்நலம் உள்ள பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 4 கிராம்தான் எல்லை. குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு அதுவும் ஆகாது. குழந்தைகளுக்கு எடையைப் பார்த்து டாக்டர் சொல்வதே அளவு.

முதல் நாள் சிரித்துப் பேசுகிறாரே என்று ஏமாறாதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். உடனே புறப்படுங்கள்!