நலேவ்கா: போலந்து வீடுகளில் வோட்கா ஜாடிக்குள் இறங்கும் இலையுதிர்காலம்!

செப்டம்பர் பிறந்துவிட்டால் போலந்தின் சந்தைகளில் ஒரு மஞ்சள் பழம் தலைகாட்டும். பெயர் குயின்ஸ். பார்க்க ஆப்பிளும் பேரிக்காயும் கலந்த மாதிரி இருக்கும், வாசனை ஆளைத் தூக்கும். ஆனால், கடித்தால் கல் மாதிரி கடினம், பல் கூசும் புளிப்பு. அப்புறம் எதற்கு இதை வாங்குகிறார்கள்? ஜாம் போட ஒரு பங்கு. இன்னொரு பங்கு 'நலேவ்கா'வுக்கு!

நலேவ்கான்னா என்ன?

பழம், மூலிகை, மசாலாப் பொருட்களை வோட்காவிலோ அதைவிட வீரியமான ஸ்பிரிட்டிலோ வாரக்கணக்கில் ஊறவைத்து எடுக்கும் பானம்தான் நலேவ்கா. 'ஊற்றுவது' என்று பொருள்படும் போலிஷ் சொல்லில் இருந்து வந்த பெயர் இது. பழைய காலத்துப் பிரபுக்களின் பண்ணை வீடுகளில், மூலிகைகளோடும் ஜாம் ஜாடிகளோடும் இதைச் சேமித்து வைக்கும் அறைக்கு 'அப்டெச்கா' என்று பெயர். சின்ன மருந்தகம் என்று அர்த்தம். பச்சை வால்நட் காயில் செய்யும் நலேவ்காவை வயிற்றுக் கோளாறுக்குக் கைவைத்தியமாகப் பார்க்கும் வழக்கமும் அங்கே உண்டு.

ஏன் இலையுதிர்காலம்?

இந்த சீசனில் பழுப்பவற்றில் பல, பறித்ததும் சாப்பிட லாயக்கில்லாதவை. குயின்ஸ் புளிக்கும். சிவப்புக் கொத்தாகத் தொங்கும் ரோவன் கசக்கும். 'ஸ்லோ' என்ற காட்டு பிளம் நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு. வீணாகப் போகவேண்டிய பழங்களுக்கு வாழ்வு கொடுப்பது இந்த ஜாடிதான்.

ரோவனையும் ஸ்லோவையும் முதல் உறைபனி விழுந்த பிறகு பறிப்பது வழக்கம். குளிரில் பழத்துக்குள் இருக்கும் நீர் உறைந்து செல்களைக் கிழிப்பதால் சாறு சுலபமாக வெளியேறும், கசப்பும் துவர்ப்பும் மட்டுப்படும். இப்போது அவ்வளவு நாள் காத்திருக்கத் தேவையில்லை. ஃப்ரீஸரில் ஓரிரு இரவு வைத்தாலே வேலை முடிந்தது.

எப்படிச் செய்றாங்க?

* ஒரு கிலோ குயின்ஸை விதை நீக்கி நறுக்கி, கண்ணாடி ஜாடியில் போட வேண்டும்.
* 96% ஸ்பிரிட்டையும் 40% வோட்காவையும் அரை லிட்டர் வீதம் கலந்தால், சுமார் 68% வீரியம் கிடைக்கும். பழம் முழுவதும் மூழ்கும்படி இதை ஊற்ற வேண்டும். பட்டை, கிராம்பு சேர்ப்பது அவரவர் இஷ்டம்.
* நான்கு முதல் ஆறு வாரம் கழித்து வடிகட்டி, அதே பழத்தின் மேல் 300 முதல் 500 கிராம் சர்க்கரையைக் கொட்டி இரண்டு வாரம் வைத்தால், மிச்சச் சாறும் பாகாக இறங்கும்.
* இரண்டையும் கலந்து, மீண்டும் வடிகட்டி, பாட்டிலில் அடைத்துச் சில மாதங்கள் தொடாமல் வைக்க வேண்டும்.

நம்மூர் ஊறுகாய் மாதிரி, இதிலும் பொறுமைதான் பக்குவம்.

வெறும் வோட்கா போதாதா? போதும். ஆனால், பழச்சாறும் சர்க்கரையும் சேர்ந்து வீரியத்தை ஏறக்குறைய பாதியாகக் குறைத்துவிடும். வோட்காவில் மட்டும் செய்தது 20 - 25 சதவீதத்துக்கு இறங்கிவிடும், ஸ்பிரிட் கலந்தது 40 சதவீதத்தை ஒட்டி நிற்கும்.

அப்ப இது கள்ளச்சாராயமா?

இல்லை. இங்கே யாரும் எதையும் காய்ச்சுவதில்லை, நொதிக்க வைப்பதும் இல்லை. கடையில் வாங்கிய மதுவில் பழத்தின் நிறமும் மணமும் இறங்குகிறது, அவ்வளவுதான். போலந்தில் அனுமதியில்லாமல் வீட்டில் சாராயம் வடிப்பது குற்றம். வரி கட்டிய மதுவில் சொந்த உபயோகத்துக்குப் பழம் ஊறவைப்பது அதில் வராது.

உண்மையான ஆபத்து, ஊற்றும் மது எங்கிருந்து வந்தது என்பதில்தான் இருக்கிறது. 2012 செப்டம்பரில் பக்கத்து நாடான செக் குடியரசில், மெத்தனால் கலந்த போலி மது பலரின் உயிரைக் குடித்தது. 20 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள பானங்களின் விற்பனையையே அந்நாட்டு அரசு தற்காலிகமாகத் தடை செய்தது. 2024-ல் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டதும் இதே மெத்தனால்தான். பழமும் பட்டையும் அந்த விஷத்தை முறிக்காது. வாசனையில் அதை மறைக்க வேண்டுமானால் உதவும்.

எதுல உஷாரா இருக்கணும்?

குயின்ஸ் விதையிலும், பிளம், செர்ரி கொட்டைகளிலும் அமிக்டலின் இருக்கிறது. அது சிதையும்போது சயனைடு வெளியாகும். அதனால், விதையை நீக்கிவிடுவதே நல்லது. அடுத்தது, 96% ஸ்பிரிட் பெட்ரோல் மாதிரி சட்டென்று தீப்பிடிக்கும். எரியும் அடுப்புப் பக்கத்தில் அதைத் திறக்கவே கூடாது.

கடைசியாக, நாக்கை ஏமாற்றும் இனிப்பு. 40% நலேவ்கா வெறும் 60 மில்லியில் இருக்கும் ஆல்கஹாலும், 5% பீர் 500 மில்லியில் இருப்பதும் கிட்டத்தட்ட ஒரே அளவு. பழரசம் மாதிரி இறங்குவதால் அது தெரியாது. எந்த அளவு மதுவும் உடலுக்குப் பாதுகாப்பானது இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. மருந்தக அறையில் இருந்து வந்த பானம் என்பதால், இது மருந்தாகிவிடாது.