கோதுமை விலக்கும் குடல் நலமும்

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து' எனப் பெயர் பெற்றது. ஆயின் மருந்துப் பொருள்களைக் காட்டிலும் உண்ணும் முறையையே அது மிகுதியும் பேசுகின்றது. உணவு ஒழுக்கமே மருந்தாக அமையும் நோய் ஒன்றை இன்றைய மருத்துவ உலகும் நமக்குக் காட்டுகின்றது. அதுவே சீலியாக் நோய். இளமையில் தோன்றாமல் நடுவயதிலும் இது வெளிப்படலாம் என்பதால் இதனைப் பற்றிய தெளிவு அனைவர்க்கும் வேண்டும்.

நோயின் இயல்பு

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் புரதம் உள்ளது. இந்நோய் உடையவர் அதனை உண்ணும்போது, உடலின் எதிர்ப்பாற்றல் தன் சிறுகுடலையே தாக்குகின்றது. உணவுச் சத்தை ஈர்க்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து மழுங்குகின்றன. வயிற்றுப்போக்கு, வயிற்று உப்புசம், உடல் மெலிவு ஆகியன தோன்றலாம். வயிற்றில் எத்தொல்லையும் இன்றி, தீராத இரத்தசோகையாகவோ எலும்புத் தேய்வாகவோ மட்டும் வெளிப்படுதலும் உண்டு.

காரணம் கண்ட வரலாறு

1888இல் இலண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ இந்நோயை விளக்கி, உணவு முறையாலேயே இது தீரக்கூடும் என்றார். எவ்வுணவு பகை என்பதை அவர் அறிந்திலர். அதனை நிறுவியவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே ஆவார். 1944–45ஆம் ஆண்டுப் பஞ்சக் குளிர்காலத்தில் அந்நாட்டில் ரொட்டி அரிதாயிற்று. ஏனையோர் பசியால் வாட, இந்நோயுற்ற குழந்தைகளோ தேறினர். கோதுமையின் மீது அவர் முன்னரே கொண்டிருந்த ஐயம் உறுதிப்பட்டது. 1950இல் தம் ஆய்வேட்டில் அதனை வெளியிட்டார்.

முதலில் சோதனை, பின்னரே விலக்கு

ஐயம் எழுந்தவுடன் தாமாகவே கோதுமையை நிறுத்திவிடுதல் தவறு. இரத்தச் சோதனையும், உள்நோக்கிக் கருவி வழியே எடுக்கும் குடல் திசுச் சோதனையும், குளூட்டன் உண்டுவரும் காலத்திலேயே மெய்ந்நிலையைக் காட்டும். உறுதி செய்யப்பட்டபின் விலக்கு வாழ்நாள் முழுமைக்கும் உரியது. உடல் தேறிவிட்டது என்று மீண்டும் உண்ணத் தொடங்கினால் குடல் மீண்டும் புண்படும்.

நம் அடுக்களையில்

அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, பருப்பு வகைகள், காய்கனிகள், பால், முட்டை, மீன், இறைச்சி யாவும் இயல்பிலேயே குளூட்டன் அற்றவை. ஆதலின் இட்லியும் இடியாப்பமும் உண்டு வளர்ந்தவர்க்கு இவ்விலக்கு பட்டினி அன்று, விழிப்பே வேண்டுவது. சப்பாத்தி, பரோட்டா, சமோசா, ரவை உப்புமா, சேமியா, ரொட்டி, பிஸ்கட், கோதுமை அல்வா ஆகியவற்றை எளிதில் இனங்காணலாம். மறைந்து வருவனவே இடர் தருவன. கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ கலக்கப்படுவதுண்டு. எனவே சாம்பாரும் ரசமும்கூட ஐயத்திற்கு உரியன. மால்ட் சேர்ந்த சத்துப் பானங்களில் பார்லி உள்ளது. சோயா சாஸ் பெரும்பாலும் கோதுமை சேர்த்துச் செய்யப்படுவது.

கோதுமை அரைத்த மாவு மில்லில் அரைத்த அரிசி மாவும், சப்பாத்தி சுட்ட கல்லில் வார்த்த தோசையும், சமோசா பொரித்த எண்ணெயில் இட்ட வடையும் தூயன அல்ல. கடையில் வாங்கும் பொருளில் 'குளூட்டன் அற்றது' என்னும் குறிப்பு இருத்தல் நன்று. ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இராத பொருளுக்கே அக்குறிப்பு உரியது.

நீரிழிவாளர் இரவில் சப்பாத்தி உண்ணுதல் நம்மிடையே பெருவழக்கு. முதல் வகை நீரிழிவும் சீலியாக் நோயும் ஒருவரிடமே சேர்ந்து வருவதுண்டு. அத்தகையோர் உணவியல் வல்லுநரைக் கலந்து, தம் உணவை வகுத்துக்கொள்ளல் வேண்டும்.

சுற்றத்தார் கடமை

தொல்லைகள் சில வாரங்களில் தணியலாம். குடல் முழுதும் ஆற ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும். அதுவரை இரும்புச்சத்து, வைட்டமின் டி முதலியவற்றின் அளவை மருத்துவர் கண்காணிப்பார். பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தார்க்கும் இந்நோய் வர வாய்ப்பு மிகுதியாதலின் அவர்களும் சோதித்துக்கொள்ளல் நலம்.

விருந்தோம்பலில் சிறந்த நம் இல்லங்களில், "ஒரு வாய் உண்டால் என்ன ஆகிவிடும்?" என்று அன்பால் வற்புறுத்துவது இயல்பு. அவ்வொரு வாயே நோயாளியின் குடலைப் புண்ணாக்கப் போதுமானது. அவர் மறுப்பது நம் அன்பை அன்று. தமக்குப் பகையான தானியத்தை மட்டுமே. அதனை உணர்ந்து, தனிக் கலத்தில் சமைத்த சோற்றை அவர்முன் வைப்பதே மெய்யான விருந்தோம்பலாகும்.